முதலில் அளவு, அப்புறம் நன்கொடை

அத்தியாயம் 6: மாற்றுத்திறன் குழந்தைக்கேற்ற சைக்கிளுக்கு உதவி திரட்டுவது எப்படி?

தமிழ்நாட்டில் கொடுக்கும் மனம் உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு மூன்று சக்கர வண்டி' என்று சொன்னதும் கொடுப்பவர் மனதில் வருவது, பெரியவர்கள் கையால் சுற்றி ஓட்டும் அந்த ஒரே வண்டிதான். விழா மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி மாலை போட்டுக் கொடுப்பதும் அதைத்தான். ஏழு வயதுக் குழந்தையை அதில் உட்கார வைத்தால் கால் தொங்கும், கை எட்டாது, முதுகுக்குப் பிடிமானம் இருக்காது. போட்டோ மட்டும் நன்றாக விழும். அடுத்த வாரம் வண்டி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும்.

இந்த அத்தியாயம் பேசுவது வேறு வண்டியைப் பற்றி. குழந்தை தானே பெடல் மிதித்து ஓட்டுவது. இடுப்புக்குப் பெல்ட், பாதத்துக்குப் பட்டை, தேவையென்றால் முதுகுக்குச் சாய்மானம், பின்னாலிருந்து பெரியவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி என்று அந்தக் குழந்தைக்காகவே அமைத்தது. சைக்கிள் கடைக்காரர் இதை எடுத்துக் காட்டமாட்டார், அரசு முகாமிலும் இது தானாக வந்து நிற்காது. கேட்டு வாங்க வேண்டும். எதைக் கேட்கிறோம் என்று அங்குலக் கணக்கில் சொல்லத் தெரிந்தவருக்கே சரியான வண்டி கிடைக்கும்.

வேலை வரிசை

1. மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் இருவரின் ஒப்புதல்.
2. எங்காவது ஒரு வண்டியில் குழந்தையை ஏற்றிப் பார்த்தல்.
3. அளவெடுத்தல்.
4. வண்டி வகையை முடிவு செய்தல்.
5. கொட்டேஷன் வாங்குதல்.
6. காகிதங்களை ஒரே கோப்பில் சேர்த்தல்.
7. நிதி கேட்டல்.
8. வண்டியைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளுதல்.

பெரும்பாலான பெற்றோர் ஏழாவதில் தொடங்குகிறார்கள். தெரிந்த ஒருவர் ரோட்டரி சங்கத்தில் இருக்கிறார், கேட்டார், கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் சீட் உயரம் பொருந்தவில்லை என்று தெரிகிறது. ஒருமுறை கொடுத்தவரிடம் அதே குழந்தைக்காக மறுபடி போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்றவர்களுக்குத் தெரியும்.

படி 1: ஓட்டலாமா என்று கேட்டுவிடுங்கள்

சைக்கிள் நல்லதுதான், ஆனால் எல்லாக் குழந்தைக்கும் எல்லா நேரத்திலும் அல்ல. மருத்துவரிடம் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்:

- மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும். சமீபத்தில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா?
- டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்தெலும்பின் உறுதி. கழுத்து வலி, நடையில் திடீர் மாற்றம் இருந்தால் ஏற்றவே கூடாது.
- வலிப்பு கட்டுக்குள் இருக்கிறதா? கடைசியாக எப்போது வந்தது?
- தசைச் சிதைவு நோய் என்றால் எவ்வளவு நேரம் மிதிக்கலாம்? இந்தக் குழந்தைகளைக் களைக்கும்வரை மிதிக்க வைத்தால் தசைக்குத்தான் கேடு.
- அறுவை சிகிச்சை நடந்திருந்தால் எத்தனை மாதம் கழித்து?

பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். 'மேற்பார்வையில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டலாம்' என்று ஒரு வரி மருந்துச் சீட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நன்கொடையாளர் முதலில் தேடும் காகிதம் இதுதான்.

பிசியோதெரபிஸ்ட் எங்கே கிடைப்பார்? அரசுப் பள்ளிக் குழந்தை என்றால் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் குழந்தைக்கும் இந்தச் சேவை உண்டு. சிறு குழந்தை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி எனப்படும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் தொடங்கப்பட்ட 'விழுதுகள்' மையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் போகலாம். முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் (நிப்மெட்), சென்னை கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் ஆகியவை நீண்ட அனுபவம் உள்ள இடங்கள்.

படி 2: ஏற்றிப் பாருங்கள்

பத்து நிமிடம் போதும். தெரபி மையத்திலோ சிறப்புப் பள்ளியிலோ இருக்கும் எந்தப் பெடல் வண்டியிலாவது உட்கார வையுங்கள். பார்க்க வேண்டியது நான்கு. தலை நிற்கிறதா? உடம்பு ஒரு பக்கம் சரிகிறதா? ஒரு கால் தள்ளும்போது மற்றது மடங்குகிறதா, இல்லை இரண்டும் கத்தரிபோல் பின்னிக்கொள்கிறதா? கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்க முடிகிறதா?

ஐந்தாவதாக ஒன்று உண்டு. குழந்தைக்குப் பிடித்திருக்கிறதா? அழுது ஆர்ப்பாட்டம் செய்தால் இன்னொரு நாள் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெற்றோரின் ஆசைக்காக வாங்கிய சைக்கிள்களை நிறையப் பார்க்க முடிகிறது.

படி 3: அளவெடுப்பது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். தையற்காரர் டேப் ஒன்று, சுவரோடு ஒட்டிப் போட்ட கெட்டியான பெஞ்ச் ஒன்று, உதவிக்கு இன்னொரு ஆள். குழந்தை தினமும் ஸ்பிளின்ட் (ஏ.எஃப்.ஓ) போடுகிறது என்றால் அதைப் போட்டு, அதன் மேல் ஷூவும் போட்டுத்தான் அளக்க வேண்டும்.

1. உள்கால் நீளம்: தொடை இடுக்கிலிருந்து குதிகால் அடி வரை. இரண்டு காலையும் தனித்தனியாக. முழங்கால் முழுதாக நீளவில்லை என்றால் இழுத்து நீட்டாதீர்கள். அது எவ்வளவு நீளுமோ அந்த நிலையிலேயே அளவு.
2. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம். சீட்டுக்கு இதைவிட இரண்டு மூன்று செ.மீ கூடுதல் போதும்.
3. பெஞ்சிலிருந்து அக்குள் வரை, பெஞ்சிலிருந்து தோள் வரை. மார்பு பெல்ட்டும் முதுகுச் சாய்மானமும் எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை இவை சொல்லும்.
4. சுவரில் சாய்ந்த முதுகிலிருந்து, முழங்கை லேசாக மடங்கிய நிலையில், முஷ்டி வரை. ஹேண்டில்பார் இருக்க வேண்டிய தூரம் இது.
5. பாதத்தின் நீளமும் அகலமும், ஷூவோடு.
6. எடை.
7. இடுப்பும் முழங்காலும் எவ்வளவு மடங்குகின்றன, எவ்வளவு நீள்கின்றன என்பதை பிசியோதெரபிஸ்ட் அளந்து எழுத வேண்டும். இது உங்கள் வேலையல்ல.

ஏழாவது அளவு எதற்கு என்று கேட்கலாம். பெடலைத் தாங்கும் கிராங்க் கம்பி பெரியவர் சைக்கிளில் சுமார் 17 செ.மீ இருக்கும். கம்பி எவ்வளவு நீளமோ, முழங்கால் அவ்வளவுக்கு மேலே வந்து மடங்க வேண்டும். மடங்காத காலுக்கு நீளக் கிராங்க் போட்டால், மேல் பக்கம் வரும்போதெல்லாம் குழந்தையின் இடுப்பு ஒரு பக்கமாகத் தூக்கும். வண்டி சரியில்லை என்று யாருக்கும் தோன்றாது; 'இவனுக்கு ஓட்ட வரவில்லை' என்பார்கள். கிராங்கைக் குட்டையாக்கினால் அதே குழந்தை மிதிக்கும்.

வீட்டையும் அளந்துவிடுங்கள். வாசல் கதவின் அகலம், கேட், சந்து, வண்டி நிற்கப் போகும் இடம். இரண்டு பின் சக்கரம் உள்ள வண்டி பல வீட்டு வாசலில் நுழையாது. மாடி வீடு என்றால் தூக்கி ஏற்ற யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வழக்கமான தவறு: 'வளர்ற பிள்ளைதானே' என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது. துணிக்கு அது சரி. சைக்கிளுக்கு ஆகாது. சீட் கம்பி, ஹேண்டில்பார், சாய்மானம் மூன்றும் ஏற்றி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுத வையுங்கள்.

படி 4: எந்த வண்டி?

உட்காருவதில் சிரமமில்லை, பேலன்ஸ்தான் வரவில்லை என்றால் சாதாரண சைக்கிளில் பக்கச் சக்கரம் போதும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பலருக்கு இதுவே சரியாகிவிடும். கடையில் விற்கும் பக்கச் சக்கரக் கம்பி சின்னக் குழந்தையின் எடைக்கானது. பத்து வயதுக் குழந்தை ஏறினால் வளைந்துவிடும். தடித்த கம்பியில் செய்யச் சொல்லுங்கள்.

உடம்பு சரிகிறது, கால் பெடலில் நிற்கவில்லை என்றால் பின்னால் இரண்டு சக்கரம், பெல்ட், பாதப் பிடிப்பு, பின் கைப்பிடி எல்லாம் உள்ள வண்டி வேண்டும். முதுகுத்தண்டுப் பிளவு (ஸ்பைனா பிஃபிடா) போன்ற நிலையில் காலில் பலமே இல்லை என்றால் கையால் சுற்றும் வண்டி, ஆனால் குழந்தை அளவில். பார்வைத்திறன் குறைந்த குழந்தைக்கு, முன்னால் பெரியவர் ஓட்ட, பின்னால் குழந்தையும் மிதிக்கும் இரட்டை இருக்கைச் சைக்கிள்.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பிரீவீலா, பிக்ஸட் வீலா? பிக்ஸட் வண்டியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து தள்ளினால் குழந்தையின் காலுக்கு மிதிக்கும் ஒழுங்கு பழகும் என்பதால் சில பிசியோதெரபிஸ்டுகள் இதைக் கேட்பார்கள். ஆனால் இறக்கத்தில் பெடல் வேகமாகச் சுழன்று காலை அடிக்கும். பிக்ஸட் என்றால் பாதப் பட்டையும், பெரியவர் கையில் ஒரு பிரேக்கும் கட்டாயம்.

வெளிநாட்டு வண்டியா, உள்ளூர்ப் பட்டறையா? வெளிநாட்டு வண்டிகள் அருமையாக இருக்கின்றன. விலையும் அதற்கேற்ப. ஒரு பாகம் உடைந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். தலையும் உடம்பும் ஓரளவு நிற்கும் குழந்தைக்கு நல்ல உள்ளூர்ப் பட்டறை போதும் என்பது என் கட்சி. தலை நிற்காத குழந்தைக்கு அது போதாது.

பட்டறையில் பாதப் பிடிப்பு செய்யும் விதம் இது. பெடலின் மேல் ஷூ அளவுக்கு ஒரு இரும்புத் தகடு. அதன் மேல் பழைய பள்ளி ஷூவின் அடிப்பாகத்தை வைத்து போல்ட் முடுக்குவார்கள். போல்ட் தலை ரப்பருக்குள் புதைந்திருக்க வேண்டும். குதிகால் பக்கம் தகட்டை ஒரு அங்குலம் மேலே வளைத்தால் கால் பின்னால் நழுவாது. விரல் பக்கம் ஒன்று, கணுக்கால் பக்கம் ஒன்று என இரண்டு வெல்க்ரோ பட்டை. தகட்டின் கீழ் சிறு எடை தொங்கவிட்டால் பெடல் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும், பாதத்தை வைப்பது சுலபம். கடைசியில் தகட்டின் ஓரமெல்லாம் அரம் போட்டு, விரலால் தடவிப் பாருங்கள்.

எச்சரிக்கை: அலுமினியச் சட்டத்தில் சாதாரண வெல்டிங் பிடிக்காது. மெல்லிய குழாயில் தப்பான இடத்தில் பற்றவைத்தால் பிறகு அங்கேதான் முறியும். இரும்புச் சட்டம் உள்ள வண்டியையே தேர்ந்தெடுங்கள். குழந்தையின் எடைக்கு இரண்டு மடங்கு மூட்டையை வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: கொட்டேஷன்

இரண்டு அல்லது மூன்று இடத்தில் எழுத்தில் வாங்குங்கள். வண்டி விலை மட்டும் எழுதிய கொட்டேஷனால் பயனில்லை. பெல்ட், பாதப் பிடிப்பு, சாய்மானம், பின் கைப்பிடி, செயின் கார்டு, ஹெல்மெட், ஜி.எஸ்.டி, வண்டிச் சத்தம், பொருத்திக் கொடுக்கும் கூலி எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். கடைசி வரியாக ஓராண்டுப் பராமரிப்பு. இந்தக் கடைசி வரியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். டியூபும் பட்டையும் மாற்றப் பணமில்லாமல் நிற்கும் வண்டி நன்கொடையாளருக்கும் நஷ்டம்தான்.

படி 6: காகிதங்கள்

யூ.டி.ஐ.டி அட்டை அல்லது மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டை, குழந்தையின் ஆதார், வருமானச் சான்று (இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்), பள்ளிச் சான்று, மருத்துவர் சீட்டு, அளவுத் தாள், கொட்டேஷன். எல்லாவற்றிலும் நான்கு செட் நகல். ஆதார் நகலின் குறுக்கே 'சைக்கிள் உதவி விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: யாரிடம், எப்போது?

அரசு. மத்திய அரசின் ஆடிப் திட்டத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு உபகரணம் தருகிறார்கள். 2022இல் திருத்திய விதிப்படி மாத வருமானம் ரூ. 22,500 வரை முழு உதவி, ரூ. 30,000 வரை பாதி. குழந்தை என்றால் பெற்றோரின் வருமானம். கான்பூரில் 1972இல் தொடங்கிய அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனம் முகாம்களில் அளவெடுத்துச் செய்து தருகிறது. சக்கர நாற்காலி, மூளை முடக்குவாதக் குழந்தைக்கான சாய்வு நாற்காலி, காலிப்பர் போன்றவற்றுக்கு இது நல்ல வழி. மோட்டார் வண்டி 16 வயதுக்கு மேல்தான். பெடல் சைக்கிள் இங்கே கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். முகாமில் 'ஏதோ ஒன்று கிடைக்கிறதே' என்று பொருந்தாத மூன்று சக்கர வண்டியை வாங்கிவிட்டால், குறிப்பிட்ட காலம் வரை மறுபடி கேட்க முடியாது. அதற்குள் உண்மையிலேயே தேவைப்படும் சக்கர நாற்காலிக்கு வழி அடைபடலாம். பணிவாக மறுத்துவிட்டு, தேவையானதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் ஒரு மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ஆட்சியரின் விருப்ப நிதியிலிருந்தோ, அவர் சொல்லிக் கேட்கும் நிறுவனத்திடமிருந்தோ உதவி வருவதுண்டு. மனுவுக்கு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

சேவைச் சங்கங்கள். ஒரே ஒரு சைக்கிளுக்கு இதுதான் நேர்வழி. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். புதிய தலைவர் பொறுப்பேற்ற கையோடு, ஜூலை, ஆகஸ்டில் கேட்டால் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார். ஏப்ரலில் போனால் 'அடுத்த தலைவரைப் பாருங்கள்' என்பார்கள். ரோட்டரியின் உலகளாவிய மானியம் 30,000 டாலருக்குக் குறைந்த திட்டத்துக்குக் கிடையாது. தனிக் குழந்தைக்கு அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உள்ளூர்ச் சங்கத்தின் சொந்தப் பணம், அல்லது மாவட்ட மானியம். நாலைந்து குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து, ஐந்து அளவுத் தாளோடு போனால் சங்கத்துக்கு அது ஒரு 'பிராஜக்ட்' ஆகிவிடும். வேலை சீக்கிரம் நடக்கும்.

அமெரிக்காவில் ஆம்பக்ஸ் என்றொரு சேவை அமைப்பு 'ஆம்ட்ரைக்' என்ற பெயரில் இதே மாதிரி வண்டிகளைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறது. தெரபிஸ்ட் குழந்தையை மதிப்பிட்டு, எந்த வண்டி, எந்தத் துணைப்பாகம் என்று எழுதிக் கொடுத்த பிறகே பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறும். நம் ஊர்ச் சங்கங்கள் இதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே கொடுங்கள்.

கம்பெனிகள். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் (சி.எஸ்.ஆர்) செலவிட வேண்டும். ஆனால் தனிநபர் பெயருக்கு செக் எழுதித் தரமாட்டார்கள். சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்த அறக்கட்டளை அல்லது சிறப்புப் பள்ளி வழியாகத்தான் பணம் வரும். எனவே பள்ளியை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல், மே ஒரு நல்ல காலம். ஒதுக்கிய பணம் மிஞ்சியிருக்கும் ஜனவரி, பிப்ரவரி இன்னொன்று. நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியிடமே கேட்பதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஊழியர் குடும்பத்துக்கு மட்டும் பயன்படும் செலவு சி.எஸ்.ஆர் கணக்கில் வராது. ஊழியர் நல நிதியைக் கேளுங்கள்.

வெளிநாட்டு உறவினர்கள். மாமாவோ சித்தியோ உங்கள் கணக்குக்கு அனுப்புவது சாதாரண குடும்ப உதவி. அதே பணத்தை வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அறக்கட்டளைக்கு அனுப்பினால், அந்த அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ பதிவு இருக்க வேண்டும். கேட்காமல் அனுப்பச் சொல்லி அறக்கட்டளையைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

இணையத் திரட்டல். மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் பெரிய மருத்துவச் செலவுக்குப் பழகியவை. சைக்கிளுக்கு இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பணமல்ல, படம். குழந்தை அழும் படத்தை ஊரே பார்க்கப் போட்டு வாங்கும் பணம் எனக்கு உவப்பில்லை; அந்தப் படம் அவன் கல்லூரிக்குப் போகும்போதும் அங்கேயே கிடக்கும். வண்டியின் படம், அளவுத் தாள், கொட்டேஷன் இவற்றைப் போட்டாலே கொடுப்பவர் கொடுப்பார். முகவரியும் பள்ளிப் பெயரும் வேண்டாம்.

கவனம்: நிதி வாங்கித் தருவதாகச் சொல்லி 'பிராசஸிங் பீஸ்' கேட்பவர், ஓ.டி.பி கேட்பவர், பத்து சதவீதம் வெட்டச் சொல்பவர் மூவரிடமும் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள்.

விண்ணப்பக் கடிதம்: ஒரு மாதிரி

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 'ஏழை எளிய', 'கருணை உள்ளத்தோடு' போன்ற சொற்களை எடுத்துவிட்டால் கடிதம் பாதியாகிவிடும், மதிப்பு கூடும்.

"தலைவர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் மகளுக்கு வயது ___. மூளை முடக்குவாதத்தால் தனியாக நடக்க முடியாது; பிடித்தால் உட்காருவாள். பிசியோதெரபிஸ்ட் பரிந்துரைப்படி இடுப்புப் பெல்ட், பாதப் பிடிப்பு, பின் கைப்பிடி கொண்ட மூன்று சக்கர சைக்கிள் தேவை. அவளது அளவுகளும் மருத்துவர் சான்றும் இணைப்பில் உள்ளன. மொத்தச் செலவு ரூ. ___. எங்களால் முடிந்தது ரூ. ___. வேறு இடத்தில் உறுதியானது ரூ. ___. தங்களிடம் கேட்பது ரூ. ___. தொகையை நேரடியாக விற்பனையாளர் பெயருக்கே வழங்கலாம். வண்டி வந்த 30 நாளுக்குள் பில் நகலும், பிசியோதெரபிஸ்டின் குறிப்பும் அனுப்புவோம்."

'எங்களால் முடிந்தது' என்ற இடத்தில் ஐந்நூறு ரூபாயானாலும் எழுதுங்கள். 'வேறு இடத்தில் உறுதியானது' என்பதை மறைக்காதீர்கள். ஒரே சைக்கிளுக்கு இரண்டு சங்கம் பணம் கொடுத்தது தெரியவந்தால், அடுத்து வரும் குடும்பத்துக்கும் சேர்த்துக் கதவு மூடும்.

பணம் வரும்போது: விற்பனையாளருக்கு நேரடி செக்தான் எல்லோருக்கும் நிம்மதி. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச்சலுகை வேண்டும் என்று நன்கொடையாளர் கேட்டால், பணம் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குப் போய் அங்கிருந்து விற்பனையாளருக்கு வர வேண்டும், ரூ. 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. பட்டறைக்காரருக்கு முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். பாதி கொடுத்து, மீதியைக் குழந்தை உட்கார்ந்து பார்த்த பிறகு கொடுங்கள்.

படி 8: வண்டி வந்த நாள்

விழா வேண்டும் என்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் குழந்தையை முதல்முதலாக அந்த வண்டியில் ஏற்றுவது மேடையாக இருக்கக் கூடாது. முந்தின நாளே பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் ஏற்றிப் பாருங்கள். மேடையில் உட்காரக் குழந்தைக்கு இஷ்டமில்லை என்றால் பெற்றோர் போய் வாங்கிக்கொண்டால் போதும்.

சரிபார்க்க வேண்டியவை:

1. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறதா?
2. கைப்பிடியைப் பிடிக்கும்போது தோள் முன்னால் இழுபடாமல் இருக்கிறதா?
3. இடுப்புப் பெல்ட் தொடை எலும்பின் மேல் பகுதியோடு அமர்கிறதா? வயிற்றில் ஏறக் கூடாது.
4. செயின் முழுக்க மூடியிருக்கிறதா? பாவாடை, துப்பட்டா, பேன்ட் நுனி மூன்றும் அதன் எதிரிகள்.
5. நிறுத்திவைக்கும் பிரேக் போட்டுத் தள்ளினால் வண்டி நகராமல் நிற்கிறதா?
6. முன் பிரேக்கும் பின்னால் நிற்பவரின் பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கின்றனவா?

ஏற்றும் வரிசையும் முக்கியம். முதலில் பிரேக், பிறகு குழந்தை, பிறகு இடுப்புப் பெல்ட், கடைசியில் பாதம். இறக்கும்போது பாதத்தை முதலில் அவிழ்த்து, பெல்ட்டைக் கடைசியில் எடுங்கள். பெல்ட்டை அவிழ்த்துவிட்டுப் பாதம் பட்டையில் இருக்கும்போதே தூக்கினால் கணுக்கால் திருகும். அவசரத்தில் எல்லோரும் செய்யும் தவறு இது.

மூன்று சக்கரம் இருப்பதால் கவிழாது என்று நினைக்காதீர்கள். வேகமாகத் திரும்பினால் வெளிப்பக்கமாகக் கவிழும்; ஓரம் சரிந்த தார்ச்சாலையில் மெதுவாகப் போனாலும் சாயும். முதல் சில வாரங்கள் பள்ளி மைதானம், கோயில் பிரகாரத்துக்கு வெளியே உள்ள வெட்டவெளி, மண்டப வளாகம் போன்ற சமதளம் போதும். ஹெல்மெட் முதல் நாளிலிருந்தே. வெயிலில் நின்ற வண்டியின் இரும்பையும் ரெக்சின் சீட்டையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். உணர்ச்சி குறைந்த காலுள்ள குழந்தை சுடுகிறது என்று சொல்லாது.

முதல் நாள் பத்து நிமிடம். இறக்கியதும் பெல்ட், பட்டை பட்ட இடங்களில் சிவப்பு இருக்கிறதா பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். பஞ்சு வைத்து மழுப்பாமல் பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

பிறகு

முதல் வாரம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்குங்கள். மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய், வெல்டிங் பிடித்த இடங்களில் விரிசல் உண்டா என்று பார்வை, வெல்க்ரோ பிடிக்கிறதா என்று சோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளவெடுத்து சீட்டை ஏற்றுங்கள். சங்கத்துக்குச் சொன்ன பில் நகலை ஜூன் 30க்குள் கொடுத்துவிடுங்கள். தலைவர் மாறிவிட்டால் உங்கள் கோப்பு யார் கையில் என்று தேட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் வண்டி சிறிதாகிவிடும். அப்போது அதைப் பரணில் ஏற்றாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். கழுவி, பட்டைகளை மாற்றி, வட்டார வள மையத்திலோ சிறப்புப் பள்ளியிலோ ஒப்படையுங்கள். அடுத்த குழந்தைக்கு அளவெடுத்து மாற்றாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டு வாருங்கள்.